தம்பி ஜெயித்த முதல் சுற்று

சென்னையில் நடந்த சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டியில், ஒற்றையர் பிரிவின் முதல் சுற்றில் என் தம்பி ஜெயித்ததை விழுப்புரத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அப்பா கடைத்தெருவுக்குப் போனால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள். பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் இடம் விடுவார்கள். அந்த வாரம் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் கணவரிடம் பாதி சொல்லியிருக்கிறேன். மீதியைக் கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பெட்டிகளுக்கு அடியில் படுத்து பிரேக் பார்க்கிற வேலை. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். அங்கே இன்ஸ்டிட்யூட் என்று ஒரு கட்டடம், அதை ஒட்டி சிமெண்டில் ஒரு டென்னிஸ் கோர்ட். சாயந்திரம் ஆபீசர்கள் ஆடுவார்கள். காலையில் காலியாகக் கிடக்கும். ஒரு ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது தன் பழைய ராக்கெட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் டென்னிஸ் வந்தது. அப்பா முதலில் கூட்டிக்கொண்டு போனது என்னைத்தான். தம்பிக்கு அப்போது ஓரிரண்டு வயது, அவ்வளவுதான்.

நான் இடக்கைக்காரி. சோறு சாப்பிடும்போது அம்மா கையில் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினாள். எழுதுகிற கையைப் பள்ளிக்கூடத்தில் மாற்றினார்கள். கோர்ட்டில் மட்டும் யாரும் எதையும் மாற்றவில்லை. நான் சர்வ் போட்டால் பந்து எதிரில் நிற்பவரின் இடது பக்கமாக வளைந்து, கோர்ட்டைத் தாண்டி வெளியே ஓடும். வலக்கைக்காரர்கள் தடுமாறிப் போவார்கள். அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. மாநில அளவில் சிறுமிகளுக்கான போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போனேன். தோற்றேன். ஆனாலும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, இந்தப் பெண்ணை விடாமல் ஆட வையுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா விட்டுவிட்டார். நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த கோடையில் என் ஆட்டத்தை நிறுத்தினார். குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு கோர்ட்டில் ஓடுகிறாள் என்று பங்கில் சிலர் அம்மாவிடம் பேசினார்கள். வீட்டில் ஒருத்தரைத்தான் வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்ப முடியும் என்றார் அப்பா. அந்த ஒருத்தர் யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னார், சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"நீ இனிமே தம்பிக்கு அடிச்சுக் குடு. அவனுக்கு ஆள் வேணும்ல" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். காலேஜ் முடிகிற வரைக்கும் காலையில் அதுதான் என் வேலை. அப்பா டூட்டிக்குப் போய்விடுவார், இல்லையென்றால் டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். நானும் தம்பியும்தான் கோர்ட்டில் இருப்போம். அவன் வளர்ந்து, என்னைவிட உயரமாகி, பலம் கூடி என்னை ஜெயிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகும் என் சர்வை எடுக்கத் திணறுவான். கோபம் வந்து ராக்கெட்டைத் தரையில் போடுவான். நான் இன்னொரு பந்தை எடுப்பேன்.

பிறகு திண்டிவனத்தில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். என் கணவர் மோட்டார் பம்பு பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் குழந்தை பிறந்தது. தம்பி சென்னையில் ஒரு கோச்சிடம் தங்கி ஆடிக்கொண்டிருந்தான். எங்கெங்கோ போய் ஆடிவிட்டு வருவான். அவனைப் பற்றிய செய்தி எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். அவனே போன் பண்ணுவது கிறிஸ்துமஸுக்கும் என் குழந்தையின் பிறந்தநாளுக்கும். பிறந்தநாளையும் சில வருஷம் மறந்துவிடுவான்.

அதனால் அன்றைக்குச் சாயந்திரம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அவன் பெயர் போனில் வந்ததும் பயந்துபோனேன். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, குவாலிஃபையிங் ஜெயிச்சிட்டேன். மெயின் டிராவுல வந்துட்டேன்."

"டேய்! அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அது இருக்கட்டும். நாளைக்கு சாயந்திரம் மேட்ச். செக் நாட்டுக்காரன். லெஃப்டி. நல்ல ஒயரம். நீ போடுவியே, அதே சர்வுதான் போடறான். வெளிய இழுத்துக்கினு போறான். இங்க பிராக்டீஸ் பண்ண ஒரு லெஃப்டி கூட சிக்கல. இருக்கறவனுங்க அவனவன் மேட்ச்ச பாத்துக்கினு இருக்கானுங்க. நீ வர்றியா?"

"நானா? பேட்டத் தொட்டு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமாடா?"

"உன் சர்வு எனக்குத் தெரியும்க்கா. கை மறக்காது. காலையில கொஞ்ச நேரம் போட்டுக் குடு, போதும். ப்ளீஸ்க்கா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு பெரிய ஊரில் அவனுக்கு வேண்டிய ஒன்று கிடைக்காமல், திண்டிவனத்தில் என் சமையலறையில் இருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன்.

"போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கறேன். ஸ்கூலுக்கு இன்னா சொல்லுவ?" என்றார் அவர்.

"காய்ச்சல்னு சொல்லிக்கறேன்."

பள்ளி விளையாட்டு விழாவுக்கு வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, இருட்டு விலகுவதற்கு முன்னால் சென்னை பஸ் ஏறினேன். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தேன். ரயிலில் நின்றபடி, யாருக்கும் தெரியாமல், பைக்குப் பின்னால் கையை மணிக்கட்டிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

போட்டி நடக்கிற மைதானத்துக்குள் பாஸ் இல்லாமல் பயிற்சிக்குப் போக முடியாது என்று பக்கத்தில் ஒரு பள்ளியின் கோர்ட்டை அவனுடைய கோச் கேட்டு வாங்கியிருந்தார். தம்பி என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்றான். அவன் பார்வை என் சுடிதாரிலிருந்து கேன்வாஸ் ஷூவுக்கு இறங்கியது. தன்னுடைய ராக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நான் பிடித்துப் பழகியவற்றைவிட அது ரொம்ப லேசாக இருந்தது.

முதலில் போட்ட பந்துகள் எல்லாம் வலையில் போய் விழுந்தன. எனக்கு முகம் சுட்டது. கோச் நல்ல மனுஷர். "அவசரமில்ல மேடம், மெதுவா போடுங்க" என்றார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கைக்கு நினைவு வந்தது. பந்தை எங்கே தூக்கிப் போடுவது, எந்த இடத்தில் சீவுவது என்று தோளே பார்த்துக்கொண்டது. பந்து வளைய ஆரம்பித்தது. தம்பி எட்டி எட்டி அடித்தான். வெளியே போனது. மறுபடி போட்டேன். மறுபடி வெளியே போனது.

"பின்னாடி நிக்காத. வளையறதுக்கு முன்னாடி உள்ள வந்து எடு" என்று கோச் அவனுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். கூடையில் பந்து தீர்ந்தால் நானே பொறுக்கி வந்து மறுபடி போட்டேன். தோளில் வலி ஏறியது. சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அவன் காலை முன்னால் வைத்து, நேர்கோட்டில் ஒன்று அடித்தான். பந்து என்னைத் தாண்டிப் போன வேகத்தில் நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் தவறவிடவில்லை.

முடிந்ததும் கோச் வலையருகே வந்து எனக்குக் கை கொடுத்தார். "அருமையான சர்வ் மேடம். நீங்க எங்க ஆடினீங்க? யாரு உங்க கோச்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "ஊர்ல தெரிஞ்சவங்க சார். ஸ்கூல்ல பி.டி. டீச்சரு."

கையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு நின்றேன். 'நான் இவனுடைய அக்கா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் அவன் ஆட வேண்டும், இப்போது அவன் மனசைக் கலைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். "ரொம்ப தேங்க்ஸ் மேடம், கடவுள் அனுப்பின மாதிரி வந்தீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனில் பேசிக்கொண்டே கேட் பக்கம் போனார்.

"யாருடா தெரிஞ்சவங்க?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, இப்ப ஆரம்பிக்காத." அவன் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே பேசினான். "அக்கான்னா நூறு கேள்வி கேப்பாரு. அப்புறம் அக்கா சர்வ எடுக்கத் தெரியாதவன்னு அங்க இருக்கற பசங்க பூரா ஓட்டுவானுங்க. மேட்ச் நாளும் அதுவுமா எனக்கு இந்த பேஜாரு வேணாம்."

"சரி. நல்லா ஆடு."

"மேட்ச் பாத்துட்டுப் போ. அப்பா அம்மா வர்றாங்க."

சாயந்திரம் விழுப்புரத்திலிருந்து அப்பா, அம்மா, பங்கு ஆட்கள் கொஞ்சம் பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் ஜெபமாலை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீ எங்கடி வந்த? புள்ளைய யார்கிட்ட வுட்டுட்டு வந்த?"

"தம்பி கூப்ட்டான்ம்மா."

"கூப்ட்டா ஒடனே கெளம்பி வந்துடுவியா? வூட்ல கேட்டியா?"

தம்பி அப்பாவைக் கோச்சுக்குப் பக்கத்தில், கீழ்வரிசையில் உட்கார வைத்தான். எங்களுக்கு மேலே இடம். செக் நாட்டுக்காரன் நிஜமாகவே நல்ல உயரம். முதல் செட்டை அவன் எளிதாக எடுத்துக்கொண்டான். அந்த சர்வை அவன் போட்டபோதெல்லாம் என் தோள் தானாகவே இழுத்துக்கொண்டது. இரண்டாவது செட்டில் தம்பி அரை அடி முன்னால் வந்து நின்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் அவன் அடிப்பதை மட்டும் பார்த்தார்கள், நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது செட் அவனுக்கு. மூன்றாவதில் கடைசி வரைக்கும் இழுத்தது. செக் நாட்டுக்காரனின் சர்வில் தம்பி இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது என்ற நிலைமையில், எதிராளி வெளியே இழுக்கிற அந்த சர்வைத்தான் போடுவான் என்று எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். போட்டான். தம்பி காலை முன்னால் வைத்து நேர்கோட்டில் அடித்தான். காலையில் என்னைத் தாண்டிப் போன அதே பந்து.

அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து கத்தினேன். தம்பி மண்டியிட்டு, சிலுவைக் குறி போட்டு, எழுந்து கோச்சையும் அப்பாவையும் நோக்கிக் கையைக் காட்டினான். பங்கு ஆட்கள் படியிறங்கிப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிவிட்டேன். மேல்வரிசையை அவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் பள்ளியில் தலைமை ஆசிரியைதான் செய்தித்தாளை எடுத்து வந்து காட்டினார். "உங்க தம்பியாமே? சொல்லவே இல்லையே" என்றார். படத்துக்குக் கீழே அவன் பேட்டி. இடக்கை ஆட்டக்காரரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 'எல்லாம் அப்பாதான். சின்ன வயதில் தினமும் விடியற்காலையில் எனக்காக இடது கையால் சர்வ் போட்டுப் பழக்கினார்' என்று சொல்லியிருந்தான்.

அப்பாவுக்கு இடது கையால் பந்தைத் தூக்கிப் போட மட்டும்தான் தெரியும்.

அந்தச் செய்தியை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டாவது சுற்று அதற்கடுத்த நாள். மேசைக்குக் கீழே போனை வைத்து ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி வலக்கைக்காரன், போட்டியின் தரவரிசையில் முதல் சில இடங்களில் இருந்தவன். தம்பி மோசமாகத் தோற்றான். எனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். பங்குச் சாமியார் தம்பிக்குச் சால்வை போட்டார். அப்பாவுக்கும் ஒன்று போட்டார். அம்மா என்னிடம், வந்தவர்களுக்குக் கேசரியும் காபியும் கொடுக்கிற வேலையை ஒப்படைத்திருந்தாள். தட்டோடு மண்டபத்தின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தபோது அப்பா மைக்கைப் பிடித்தார்.

"நைட் டூட்டி முடிச்சிட்டு வருவேங்க. கண்ணு எரியும். ஆனாலும் படுக்க மாட்டேன். நேரா கோர்ட்டுக்குப் போயி, எடது கையால சர்வு போட்டுக் குடுப்பேன். எதுக்குன்னா, நாளைக்கு எப்படிப்பட்ட ஆளு எதுர்ல வருவான்னு சொல்ல முடியாதுங்களே..."

கைதட்டல். அம்மாவும் தட்டினாள். நான் அவள் காதருகே குனிந்து, "அப்பாவுக்கு எடது கையில சர்வு போட எப்பம்மா வந்துது?" என்று கேட்டேன்.

"வாய மூடுடி. நல்ல நாளும் அதுவுமா" என்றாள் அவள், மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே.

விழா முடிந்து, தம்பி கை கழுவ மண்டபத்துக்குப் பின்னால் குழாயடிக்கு வந்தான். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

"பேப்பர்ல ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடி?"

"அப்பா எடது கையில போட்டாருன்னு."

அவன் சால்வையில் கை துடைத்துக்கொண்டான். "அப்பா சந்தோஷப்படுவாருன்னு சொன்னேன். இதுல இன்னாக்கா இருக்குது? அவரு மட்டும் இல்லன்னா நான் ஏது?"

"நான் யாருடா?"

"உனக்கு இப்ப இன்னாதான் வேணும்? பேப்பர்ல பேரு வரணுமா?"

"ஆமா. பேரு வரணும்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. நான் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று சொல்லுவேன் என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்னிக்குக் காலையில கொஞ்ச நேரம் சர்வு போட்டதுக்கா?"

காலேஜ் முடிகிற வரைக்கும் போட்டதெல்லாம் எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று மறைக்கிறவனின் முகமாக அது தெரியவில்லை. அதனால்தான் கேட்கவில்லை. யாரோ செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

அடுத்த வருஷம் அதே போட்டி வந்தது. தகுதிச் சுற்றுக்கு முந்தின நாள் போன் பண்ணினான்.

"அக்கா, ஃபர்ஸ்ட் மேட்ச் ஜெயிச்சா அடுத்தது ஒரு லெஃப்டி வரலாம். காலையில வர்றியா?"

"லீவு கெடைக்காதுடா."

"போன வாட்டி வந்தியே."

"போன வாட்டி கெடைச்சுது."

லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவன் போனை வைத்துவிட்டான். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். தோற்கடித்தவன் வலக்கைக்காரன். நான் போயிருந்தாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரியே அம்மா போன் பண்ணினாள்.

"கூப்ட்டானாமே? வரமாட்டேன்னுட்டியாமே? நீ போயி அடிச்சுக் குடுத்திருந்தா புள்ள ஜெயிச்சிருப்பான். ஒடம்பொறப்புக்கு இதைக்கூட செய்யலன்னா நீ இன்னாடி அக்கா?"

என் ஆட்டத்தால் தம்பிக்கு ஏதோ பயன் இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். என் கணவர் எதற்கு என்று கேட்டார். சொல்லவில்லை.

அந்த முதல் சுற்று வெற்றியைக் காட்டித்தான் தம்பிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல வேலை கிடைத்தது. முழங்கால் தேய்ந்து ஆடுவதை நிறுத்திவிட்டான். இப்போது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான். கிறிஸ்துமஸுக்கு விழுப்புரத்தில் சந்தித்துக்கொள்வோம். என் பெண்ணுக்குத் துணி எடுத்து வருவான். நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். சண்டை போடுகிற அளவுக்குக்கூட எங்களுக்குள் ஒன்றும் மீதி இல்லை.

சமீபத்தில் பள்ளி விடுமுறைக்கு விழுப்புரம் போயிருந்தோம். அப்பா ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். டிவியில் ஏதோ ஒரு ஊரில் ஆண்கள் ஒற்றையர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் பெண் திடீரென்று கேட்டாள்:

"தாத்தா, அம்மாவும் டென்னிஸ் ஆடுவாங்களா?"

"உங்கம்மாவா?" அப்பா கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் சொன்னார். "மாமா ஆடும்போது பந்து பொறுக்கிப் போடுவா. பாவம், காலையில எழுந்து கூட வருவா."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. என்னைக் கையைப் பிடித்து அந்த கோர்ட்டுக்கு முதன்முதலில் கூட்டிப்போனது, இறுதி ஆட்டத்தில் நான் தோற்றதும் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தது, எதுவுமே அவரிடம் இல்லை. மேடையில் சொல்லிச் சொல்லி, அந்த இடங்களில் எல்லாம் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "ஆடினேன். உங்க மாமாவ விட நல்லா ஆடினேன்."

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று கையில் துணியோடு நின்றேன். உள்ளேயிருந்து அம்மா, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். "வையி" என்று சொல்லிவிட்டு அவர் சத்தத்தை மறுபடி கூட்டினார்.